என்டர் பட்டனில் ஒரு குங்குமப் பொட்டு

சர்வர் அறையில் இருக்கும் கறுப்புக் கீபோர்டில், பெரிய என்டர் பட்டனின் ஓரமாக ஒரு சிவப்புக் கறை இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நெயில் பாலிஷ் சிந்திவிட்டது என்று நினைத்து என் விரல்களைப் பார்ப்பார்கள். நான் போடுகிறவள் இல்லை. ஒருத்தி நல்லெண்ணத்தோடு பஞ்சும் ஸ்பிரிட்டுமாக அதைத் துடைக்கக் கிளம்பினாள், கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் ஓங்கியே தட்டிவிட்டேன் போலிருக்கிறது, பல நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது குங்குமம். எங்கள் சர்வர் அண்ணன் வைத்தது. அதை வைத்த அன்றைக்கு நடந்ததை இத்தனை வருடம் கழித்தும் நான் மறக்கவில்லை.

செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற வழியில் இருக்கிற ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நானும் அவரும் வேலை பார்த்தோம். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். சர்வர் அறை ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி தெரியும். ஏசி காற்று வெளியே போய்விடும் என்று அண்ணன் திறக்க விடமாட்டார். அதனால் ஊரில் மலை இருப்பதே சாப்பாட்டு நேரத்தில் வெளியே வரும்போதுதான் ஞாபகம் வரும். கல்லூரியில் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல்வரிலிருந்து லேப் அட்டெண்டர் வரை, மாணவர்கள் உட்பட. யார், எந்தத் துறை, எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வருகைப் பதிவும் அந்தக் கணக்கு வழியாகத்தான். கணக்கை மூடிவிட்டால் ஆள் வந்ததாகவே பதிவாகாது, பதிவாகாதவருக்குச் சம்பளம் கிடையாது. இந்தக் கணக்குகள் எல்லாம் இருக்கிற இடத்துக்கு டைரக்டரி என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் இருவரின் வேலை.

ஒரு கணக்கைத் திருத்த மவுசே போதும். ஆனால் ஜூன் மாதம் முதலாமாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் இரண்டாமாண்டுக்கு மாற்றும்போது, ஒவ்வொரு பெயராகத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் படித்து முடித்துப் போய்விடுவார்கள். அதற்குத்தான் கமாண்ட். கறுப்புத் திரையில் ஒரு வரி: இன்ன துறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இன்னதைச் செய். என்டரைத் தட்டினால் சில நொடிகளில் முடிந்துவிடும். தப்பாகத் தட்டினாலும் அதே சில நொடிகள்தான். அதனால் அந்த வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்ப்போம். அது இருந்தால் கமாண்ட் எதையும் செய்யாது. செய்தால் யார் யாருக்கு என்ன ஆகும் என்று மட்டும் திரையில் ஓட்டிக் காட்டும். அதை நாங்கள் ஒத்திகை என்போம். ஒத்திகை பார்க்காமல் நான் எதையாவது ஓட்டப் போனால் அண்ணன் என் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்து மேசையிலிருந்து இழுத்துவிடுவார். சக்கரம் வைத்த நாற்காலி, நான் சுவர் வரைக்கும் போய் முட்டிக்கொள்வேன். பதிலுக்கு நான் அவர் டீயில் சர்க்கரை போடாமல் கொடுப்பேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. தன் கணக்கைத் தான் தொடமாட்டார். கடவுச்சொல் மறந்துபோனால்கூட, கையில் அத்தனை அதிகாரத்தையும் வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டுத்தான் மாற்றச் சொல்வார். "எம்பேருல நானே கை வச்சா நாளைக்கு எவன் நம்புவான்?" என்பார். எனக்கு இதைக் கேட்டால் சிரிப்பாக வரும். தன் வீட்டுக் கதவைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முந்தைய வேலைநாளில் கல்லூரி முழுக்க பூஜை நடக்கும். லேத் மெஷின் முதல் கல்லூரி பஸ் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். அண்ணன் குளித்த ஈரம் காயாமல் வந்து சர்வருக்கு விபூதிப் பட்டை போடுவார். காற்று போகிற துளைகளில் வைத்துவிடாதீர்கள் என்று நான் பின்னாலேயே நின்று கத்திக்கொண்டிருப்பேன். கடைசியாகக் கீபோர்டின் பெரிய என்டர் பட்டனில் ஒரு குங்குமப் பொட்டு. பொட்டு வைத்தபிறகு விடுமுறை முடிந்து வந்து மறுபடி கற்பூரம் காட்டுகிற வரை யாரும் மெஷினைத் தொடக்கூடாது. நாங்கள் கோட்டை மசூதித் தெருப் பக்கத்து ஆட்கள், எங்கள் வீட்டில் இதெல்லாம் கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடமே அவர் என் மேசைக்கு வந்து, "உன்னுதுக்கு வெக்கலம்மா, உனக்கு பொரி மட்டும்" என்று காகிதப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். அதற்காகவே நானும் அந்த விதியைக் கடைப்பிடித்தேன். ஏதாவது அவசரம் வந்தால் கீபோர்டின் வலது ஓரத்தில் எண்களோடு இருக்கிற சின்ன என்டரைத்தான் தட்டுவேன். பொட்டு கலையாது, வேலையும் நடக்கும். இந்த வழியைக் கண்டுபிடித்ததற்காக அவர் என்னை ஒரு வாரம் வக்கீலம்மா என்று கூப்பிட்டார்.

அந்த வருடமும் மதியத்துக்குள் பூஜை முடிந்தது. பஸ்கள் மாலையோடு கிளம்பின. அண்ணனும் டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பும்போது தாளாளரின் மகன் போன் செய்தார். இளையவர் என்று கூப்பிடுவோம். பெரியவர் நோயில் படுத்தபிறகு கல்லூரி அவர் கைக்கு வந்திருந்தது. விஷயம் சுருக்கம். பணி வகை என்ற இடத்தில் தற்காலிகம் என்று இருக்கிற ஊழியர் கணக்குகள் அத்தனையையும் இன்றைக்கே மூட வேண்டும். "லீவு முடிஞ்சு வர்றப்போ லாகின் ஆவக்கூடாதும்மா."

"பூஜை போட்டு மெஷினை மூடியாச்சு சார். லீவு முடிஞ்ச காலைல முதல் வேலையா பண்ணிடறேன்."

"நீங்க எதுக்கும்மா அதெல்லாம் பாக்கறீங்க?" என்றார். சொல்லும்போது வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். பூஜைப் பொரிதான், சத்தம் கேட்டது. அந்தக் கேள்வி எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

நான் கோபத்தோடு சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் திரும்பி வந்தார். சாவியை மறந்துவிட்டாராம். விஷயத்தைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "கெஸ்ட் லெக்சரரா இருக்கும். போனவங்க கணக்கெல்லாம் அப்டியே கெடக்குதே, நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார். காலையில் பூஜைக்கு முன் அவர் தன் பெயரில் உள்ளே நுழைந்திருந்தார், அப்படியே திறந்திருந்தது. "ஒத்திகை பாரு. ஒத்திகையில மெஷினு ஒண்ணும் பண்ணாது, சரஸ்வதியும் கோச்சுக்காது." நான் வரியை எழுதி, கடைசியில் அந்தச் சொல்லையும் சேர்த்து, சின்ன என்டரைத் தட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

பெயர்கள் ஓடின. முதலில் வந்தவர்கள் கெஸ்ட் லெக்சரர்கள்தான். பிறகு நூலகத்து அக்கா. பிறகு ஒர்க்‌ஷாப் போர்மேன். கேன்டீன் கணக்கு பார்ப்பவர், பஸ் பொறுப்பாளர், தேர்வுப் பிரிவில் மேல்சித்தாமூரிலிருந்து வருகிற நைனார் சார். கல்லூரி கட்டிய காலத்திலிருந்து இருப்பவர்கள். இந்த ஊர்க் கல்லூரிகளில் எல்லோரையும் முதலில் தற்காலிகம் என்றுதான் எடுப்பார்கள். ஆறு மாதத்தில் ஆர்டர் மாற்றித் தருகிறோம் என்பார்கள். பிறகு யாரும் கேட்கமாட்டார்கள், கேட்டால் மரியாதைக் குறைவு. பிள்ளை பிறந்து, பிள்ளை அதே கல்லூரியில் சேர்ந்தபிறகும் அந்தச் சொல் அப்படியே கிடக்கும். எல்லோருக்கும் இது தெரியும். அது ஒரு நாள் எழுந்து வந்து கடிக்கும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. கடைசி வரிக்கு மேல் வரியில் சாவிச் சத்தம் நின்றது. நான் அதைக் கேட்டபிறகுதான் அந்த வரியைப் படித்தேன். அண்ணனின் பெயர்.

உடனே இளையவரைக் கூப்பிட்டேன். பழைய ஸ்டாஃப் எல்லாம் வருகிறார்கள், ஏதோ தப்பு என்றேன். தப்பு என்று நான் உண்மையாகவே நம்பினேன். "தெரியும்மா" என்றார். "அதுக்குத்தான் லீவுக்கு முன்னாடி பண்ணச் சொன்னேன். வந்து சத்தம் போட்டா டென்ஷன்." குரலில் கோபம்கூட இல்லை. கரண்ட் பில் கட்டச் சொல்வது மாதிரி சொன்னார். மனிதர்கள் இப்படிச் செய்வார்கள் என்பதைவிட, செய்யும்போது குரல் இவ்வளவு சாதாரணமாக இருக்கும் என்பதுதான் என்னை உலுக்கியது.

அண்ணன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். நான் படபடவென்று பேசினேன். உங்கள் பெயரில் அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுகிறேன், ஒரு வரிதான், யாருக்குத் தெரியப் போகிறது என்றேன்.

"இப்ப தெறந்திருக்கறது எம்பேருல. எம்பேர நானே மாத்திக்கினதா பதிவாவும்."

"வெளிய வந்து என் பேர்ல நுழையறேன்."

"அப்ப உம்பேருல பதிவாவும். அவுரு போன்ல சொன்னதுக்கு அப்புறம் மாத்துனன்னு நேரமும் காட்டும். உன்னையும் அனுப்பிடுவாங்க. உங்க அத்தாவுக்கு யாரு மருந்து வாங்குவா?" அத்தா என்றால் என் அப்பா. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதை டைரக்டரி தனியே பதிந்துவைத்துக்கொள்ளும். அந்தப் பதிவு ஒழுங்காக இருக்கவேண்டும் என்று பாடாய்ப் படுத்தியவரே அவர்தான்.

அப்படியென்றால் நான் செய்யமாட்டேன், வேறு ஆளை வைத்துச் செய்துகொள்ளட்டும் என்றேன். அவர் சிரித்தது மாதிரி இருந்தது. "வெளியாளக் கூப்புடுவாங்க. அவன் ஒத்திகை பாக்காம ஓட்டுவான். புள்ளைங்க கணக்கெல்லாம் சேந்து போவும். தள்ளு."

நாற்காலியை இழுத்தார். வழக்கம்போல நான் சுவரில் போய் முட்டிக்கொண்டேன். அவர் குனிந்து, நான் எழுதியிருந்த வரியை மேல் அம்புக்குறியில் மறுபடி வரவழைத்தார். கடைசியில் இருந்த அந்த ஒரு சொல்லை எழுத்து எழுத்தாக அழித்தார். சின்ன என்டர் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் பெரிய என்டரைத் தட்டினார். குங்குமத்தின் மேலேயே.

எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சரியாக நடந்து முடிந்த கமாண்ட் ஒன்றும் சொல்லாது, அடுத்த வரிக்குப் போய் நிற்கும். அவர் விரலில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க இடம் தேடியவர், பழக்கத்தில் நெற்றியில் இழுத்துக்கொண்டார். எழுந்திருக்கும்போது திரையைப் பூட்டிவிட்டு எழுந்திருப்பதும் அவர் பழக்கம், அதையும் செய்தார். பிறகு சாவி மேசையில் இருந்ததைப் பார்த்து, திரும்ப உட்கார்ந்து, எதற்கோ திரையைத் திறக்கக் கடவுச்சொல்லைத் தட்டினார். உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, நிர்வாகியை அணுகவும் என்று வந்தது. நிர்வாகி அவர்தான். நாங்கள் இருவரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் தற்காலிகமாகத்தான் சேர்ந்தேன். எனக்கும் ஆர்டர் மாற்றித் தரவில்லை. என் பெயர் ஏன் வரவில்லை? என் கணக்கில் நுழைந்து பார்த்தேன். பணி வகை: நிரந்தரம். சில வருடங்களுக்கு முன்னால் மாற்றப்பட்டிருந்தது.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். "பெரியவரு நல்லா இருந்தப்போ மீட்டிங்ல சொன்னாரில்ல, கம்ப்யூட்டர் செக்ஷன் ஆளுங்க எல்லாரும் பர்மனென்ட்டுன்னு. சொன்ன அன்னைக்கே நம்ம செக்ஷனுக்கு மாத்திட்டேன். லேபு பசங்க, நீ, எல்லாருக்கும்."

"உங்களுக்கு?"

"எம்பேருக்கு நானே எப்டிம்மா போட்டுக்கறது? ஆபீஸ்ல கேட்டேன். பாக்கலாம்னாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே. ஒரு வரி."

"சொன்னா நானே போட்டுக்கின மாதிரிதானே" என்றார். டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நெற்றியில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. அவர் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது. இளையவர் மேல் வந்ததைவிட அதிகம். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று அந்த அறையில் உட்கார்ந்து வாய்விட்டுத் திட்டினேன்.

விடுமுறை முடிந்த காலையில் வாசலில் கூட்டம் நின்றது. நூலகத்து அக்கா விரலை வருகை மெஷினில் வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். விரல் ஈரமாக இருக்கிறது என்று நினைத்துப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தார். அதை நான் மாடியிலிருந்து பார்த்தேன். சிலர் சண்டை போட்டுக் கொஞ்சம் தொகை வாங்கிக்கொண்டு போனார்கள். தேர்வுப் பிரிவு நைனார் சாரை ஒரு மாதத்திலேயே கெஞ்சிக் கூப்பிட்டார்கள், அவர் இல்லாமல் ஹால் டிக்கெட் போகவில்லை. மறுபடி தற்காலிகமாகத்தான். அண்ணன் வாசலுக்கு வரவே இல்லை. அந்த வருடம் சர்வருக்குக் கற்பூரம் காட்ட ஆளில்லை. நான் கீபோர்டை வெறும் துணியால் தூசி தட்டினேன், பெரிய என்டரை விட்டுவிட்டு.

பிறகு ஒரு அமாவாசையன்று செஞ்சி பஸ் நிலையத்தில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கான கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். திண்டிவனத்தில் கடைகளுக்குப் பில் மெஷின் பழுது பார்க்கிறாராம். உடம்பு இளைத்திருந்தது. கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சர்வர் எப்டி இருக்குது, சூடு ஏறுதா?" என்று மட்டும் கேட்டார். போன் நம்பர் கொடுத்தார். நான் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. என்ன பேசுவது?

இந்த வாரம் கூப்பிட்டேன். பழைய சர்வரை நிறுத்திவிட்டு எல்லாக் கணக்குகளையும் வெளியே ஒரு கம்பெனியின் சர்வரில் வாடகைக்கு எடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோகும் முன் முடக்கிய கணக்குகளை அழித்துவிடச் சொல்லி உத்தரவு. ஒத்திகை பார்த்தேன். பெயர்கள் ஓடின. நூலகத்து அக்கா, போர்மேன், பஸ் பொறுப்பாளர். சாவிச் சத்தம் நின்ற அதே இடத்தில் அவர் பெயர் வந்தது. பக்கத்திலேயே அந்தச் சொல், தற்காலிகம். அழிக்கப் போகிற இடத்தில்கூட அது அவரை விடவில்லை. போனை எடுத்தேன்.

"அண்ணே, சர்வரை நிறுத்தறாங்க. உங்க கணக்கை அழிக்கணும். அதுக்கு முன்னாடி பணி வகையை நான் மாத்தப் போறேன். என் பேர்ல, என் கையால. நீங்க சொல்லல. நானாத்தான் பண்றேன்."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"எப்டியும் அழிக்கத்தானே போறே?"

"ஆமாண்ணே."

"ஒத்திகை பாத்தியா?"

"பாத்தேன்."

"சரி, ஓட்டு" என்றார். போனை வைத்துவிட்டார்.

என் பெயரில் நுழைந்தேன். அவர் பெயரை எழுதி, பணி வகை நிரந்தரம் என்று எழுதி, பெரிய என்டரைத் தட்டினேன். கமாண்ட் ஒன்றும் சொல்லவில்லை. திறந்து பார்த்தேன், மாறியிருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழிக்கிற வரியை எழுதி அதையும் ஓட்டினேன். அண்ணன் அந்தக் கல்லூரியில் நிரந்தரமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். விரலைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு ஒட்டவில்லை, குங்குமம் காய்ந்து பல வருடம் ஆகிவிட்டது.